மேலகரம் தாண்டினால் ஒழுகும் வண்டி

இது நடந்தது. நம்பாதவர்கள் குத்துக்கல்வலசைக்கு வந்து எங்கள் வீட்டு போர்டிகோவைப் பார்க்கலாம். வெள்ளை டைல்ஸில் நட்டநடுவே ஒரு கறுப்புக் கறை கிடக்கும். மண்ணெண்ணெய், சோப்புத்தூள், சீயக்காய், என் மனைவியின் ஏச்சு என்று எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. போகவில்லை. அந்த ஒரு கறைக்கு மட்டும் பேய் பொறுப்பில்லை. அது நான் செய்தது.

என் பெயர் சிவசைலம். தென்காசி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. ஆதார் அட்டைக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். காருக்கு அடியில் எது முன், எது பின் என்று தெரியாது. தெரியாதவன் சும்மா கிடந்திருக்கலாம். தங்கச்சி அபர்ணாவின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், பதித்த டைல்ஸில் ஈரம் காய்வதற்குள் வண்டியை அதன்மேல் ஏற்றி நிறுத்தி, "ஆயிலை நானே மாத்துதேன்" என்று கீழே படுத்தேன். எஞ்சின் நட்டுக்குப் பதில் கியர் பாக்ஸ் நட்டைக் கழற்றிவிட்டேன். உள்ளே இருந்தது அத்தனையும் தரைக்கு வந்தது. எஞ்சின் காலியாகிவிட்டது என்று நம்பி, ஏற்கெனவே நிறைந்திருந்த எஞ்சினில் புது ஆயிலையும் ஊற்றினேன். அது மேல்வழியாக வந்தது.

என் மனைவி இசக்கிசெல்வி வாசலில் நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"ஏங்க, காரு வாங்கினியளா, செக்கு வாங்கினியளா?"

வண்டி பழைய அம்பாசடர். எழுபத்து நாலாம் வருஷத்து மாடல், பால்கோவா நிறம். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் நமசிவாயம் அண்ணாச்சியிடம், கல்யாணத்துக்கு என்று சொல்லி வாங்கியது. அவருடைய ஷெட்டில் ஆறு வருஷமாகத் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. வாங்கச் சொன்னது அபர்ணா. அப்பா போன பிறகு அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான். கல்யாணம் குற்றாலத்து மண்டபத்தில். மாப்பிள்ளை வீடு பாவூர்சத்திரம், காய்கறி மண்டிக்காரர்கள். தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளையே இந்த அம்பாசடரை ஓட்டி, குற்றாலத்திலிருந்து மேலகரம், தென்காசி வழியாக அவளைப் பாவூர்சத்திரம் கூட்டிப் போக வேண்டும். போட்டோக்காரனுக்கும் சொல்லியாயிற்று.

மேலகரத்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் ஆசிப் வந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, எல்லா நட்டையும் சரியாகப் பூட்டிக் கொடுத்தான். இனிமேல் நான் ஸ்பேனரைத் தொட்டால் வீட்டுக்காரியிடம் சொல்லிவிடுவதாக மிரட்டினான். வண்டியை எங்கள் வீட்டு ஷெட்டில் எடுத்து நிறுத்துவதற்கு முன்னால் பானட்டை இரண்டு தட்டுத் தட்டினான். எதற்கு என்று கேட்டேன். "குத்தாலத்து சீசன் பழக்கம்ணே" என்றான். அதோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் குற்றாலத்து மண்டபத்துக்கு அட்வான்ஸ் விஷயமாகப் போய் வந்தேன். விடிந்து பார்த்தால் ஷெட்டில், வண்டிக்கு அடியில், தோசை அளவுக்கு எண்ணெய்.

அவ்வளவுதான். தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. "நீரு திருகின திருகுல ஏதோ விட்டுப்போச்சு ஓய்." நானும் ஒத்துக்கொண்டேன். என் கை அப்படி.

ஆனால் ஒன்று உறுத்தியது. ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். எஞ்சினில் ஆயில் குறையவே இல்லை. மறுநாளும் குற்றாலம் போய் வந்தேன், மறுநாளும் தோசை. அளவு அதே அளவு. நாலாம் நாள் தோசை ஊத்தப்பமானது. ஆயில் ஸ்டிக் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அதே கோட்டில் நின்றது.

ஒழுகுகிறது. குறையவில்லை.

நமசிவாயம் அண்ணாச்சிக்கு போன் போட்டேன். அவரிடம் இருந்தபோதும் ஒழுகியதா என்று கேட்டேன். பின்சீட்டு உறை புதுசு, நல்ல ரெக்ஸின், அவரே மாற்றியது என்றார். எஞ்சினைப் பற்றிக் கேட்டவனுக்குப் பின்சீட்டைப் பற்றிச் சொல்கிறாரே என்று அப்போது தோன்றவில்லை. இன்னொன்றும் அப்போது தோன்றவில்லை. ஜெராக்ஸ் மெஷின் முன்னால் குனிந்து நின்று நின்று எனக்குப் பத்து வருஷமாகக் கழுத்து வலி. வண்டி வாங்கிய பிறகு அது போயே போய்விட்டது. "பாத்தியா, பழைய வண்டி சீட்டு" என்று இசக்கிசெல்வியிடம் பெருமையடித்தேன்.

காரணம் சீட்டு இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க ஆசிப் ஒரு வழி சொன்னான். எஞ்சினைப் பெட்ரோல் விட்டுக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் மேலெல்லாம் முகப்பவுடர் தூவ வேண்டும். அப்புறம் ஒரு ஓட்டம் விட்டு வந்தால், எந்த இடத்தில் பவுடர் கறுத்திருக்கிறதோ அங்கேதான் கசிவு. நல்ல யோசனை. பவுடர் டப்பா நான் கொண்டு போனேன். அது அபர்ணாவின் கல்யாணப் பெட்டியில் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. குலுக்குகிற வேகத்தில் மூடி தனியே வந்து, பாதி எஞ்சினிலும் மீதி என் தலையிலும் முன்சீட்டு முதுகிலும் விழுந்தது. ஆசிப் என்னைப் பார்த்து, பொண்ணு நீங்கதானா என்று கேட்டான்.

அன்றைக்குச் சாரல் பிடித்திருந்தது. குற்றாலம் வரை போனோம். நான் காரில், ஆசிப் பைக்கில் பின்னால். வண்டிக்கு அடியில் எப்போது சொட்டுகிறது என்று அவன் பார்த்துக்கொண்டே வர வேண்டும். போகும்போது ஒரு சொட்டு இல்லை. அருவிப் பக்கம் நிறுத்தி, அடியில் அட்டையை விரித்து, ஒரு டீ குடித்து வந்தோம். அட்டை காய்ந்து கிடந்தது. திரும்பும்போது மணி ஆறே முக்கால். மழைக்கு இருட்டு முந்தி வந்துவிட்டது.

மேலகரம் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு ஆஸ்பத்திரி உண்டு. பெயர் வேண்டாம். அவர்கள் மேல் ஒரு குற்றமும் கிடையாது. பச்சை போர்டு தூரத்தில் தெரிந்தது.

அப்போது கழுத்தில் ஏதோ பட்டது.

ஜன்னல் வழியாகச் சாரல் என்று நினைத்தேன். சாரல் குளிரும். இது குளிரவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

அழுத்தியது.

கழுத்தும் தோளும் சேரும் இடத்தில், ஒரு கட்டைவிரல். பதமாக, தெரிந்த கை மாதிரி. ஒரு சுற்று... இன்னொரு சுற்று... பத்து வருஷ வலி இருந்த அதே இடம்.

கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டு காலி.

ஆஸ்பத்திரி வாசல் வந்தது. விரல்கள் இறுகின. நான் நேரே போனேன். வாசல் பின்னால் போனது.

அடுத்த நொடி அந்தக் கை மசாஜ் செய்கிற கையாக இல்லை.

மூச்சு நின்றது.

ஸ்டியரிங் இடதுபக்கம் இழுத்தது. நான் இழுக்கவில்லை...

பிரேக்கில் ஏறி நின்றேன்.

கை இல்லை.

டப்... டப்... டப்... என்று எங்கோ அடியில் சொட்டும் சத்தம்.

ஆசிப் பைக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்து, டார்ச் அடித்து, சீட்டைப் பார்த்தான். கீழே குனிந்து பார்த்தான். மறுபடி சீட்டைப் பார்த்தான். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே" என்றான்.

பானட்டைத் திறந்தோம். எஞ்சின் மேல் பவுடர் போட்டது போட்டபடி வெள்ளையாக இருந்தது. ஒரு புள்ளி கறுப்பு இல்லை. சொட்டுவது எஞ்சினுக்கு அடியில் இல்லை. பின்சீட்டுக்கு நேர் அடியில். அங்கே ஆயில் போகிற குழாயே கிடையாது.

ஒரு இடத்தில் மட்டும் பவுடர் கலைந்திருந்தது. என் சீட்டின் முதுகில், நான் கொட்டிய பவுடரில். நாலு விரல் தடம். எண்ணெய் ஊறிய விரல்கள். பின்னால் படுத்திருக்கிற ஒருவன், எழுந்துகொள்ள முடியாமல், எட்டிப் பிடித்த மாதிரி.

ஆசிப் சொட்டை விரலில் தொட்டு முகர்ந்தான். முகம் மாறியது. என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

ஆயில் வாசம் இல்லை. நல்லெண்ணெய். அதில் ஏதோ வேர், கற்பூரம், கொஞ்சம் ஓமம். குற்றாலத்துக்குப் போனவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வாசம். அருவியில் குளிப்பதற்கு முன்னால் உடம்பு முழுக்கத் தேய்த்துவிடுவார்களே, அந்த எண்ணெய்.

அன்றைக்கு ராத்திரி வண்டியை ஆசிப்பின் ஒர்க்ஷாப்பிலேயே பூட்டிவிட்டு அவன் பைக்கில் வீடு வந்தேன். கழுத்து வலி சுத்தமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

காலையில் இசக்கிசெல்வி கூப்பிட்ட குரலில் எழுந்தேன். அவள் வழக்கமாக என்னைக் கூப்பிடுகிற குரல் தெருமுனை வரை கேட்கும். இது கேட்கவே இல்லை, உதடு மட்டும் அசைந்த மாதிரி. கட்டிலில் கூறைப்பட்டு விரித்துக் கிடந்தது. நல்ல அரக்குச் சிவப்பு. முந்தானையில் ஒரு கை அகலத்துக்கு எண்ணெய். வாசலிலிருந்து அந்த அறை வரைக்கும் தரையில் சொட்டுச் சொட்டாக ஒரு கோடு. வண்டி நாலு மைலுக்கு அப்பால் பூட்டிக் கிடக்கிறது.

அபர்ணா சுவரோரமாக உட்கார்ந்து என் கழுத்தையே பார்த்தாள். கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"அந்த வண்டில அவள ஏத்தக் கூடாது," என்றாள் இசக்கிசெல்வி.

ஏற்றப் போவதில்லை. அது அப்போதே முடிவு. ஆனால் வண்டியில் ஏறாதவளின் புடவையில் எண்ணெய் வந்துவிட்டதே. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம். வண்டியை விற்றால் போகுமா, எரித்தால் போகுமா, யாரிடம் கேட்பது? ஆசிப்பிடம் கேட்டேன். அன்றைக்கு பைக்கிலிருந்து என்ன பார்த்தான் என்றும் கேட்டேன். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "வாங்க, எண்ணெய்க்காரங்ககிட்ட கேப்போம்" என்றான்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர்களில் பேச்சிராஜ் என்று ஒருவர். ஐம்பது வயதிருக்கும், தோள் இரண்டும் உரல் மாதிரி. ஒவ்வொருவரும் தங்கள் எண்ணெயைத் தாங்களே கூட்டிக் காய்ச்சுவார்கள். ஒருவர் கூட்டு இன்னொருவருக்கு வராது. எண்ணெய் ஊறிய அட்டையை நீட்டினேன். வாங்கினார். முகர்ந்தார். அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இது எங்கன கெடச்சிது?"

சொன்னேன். அவர் பிழிந்து போட்டிருந்த துண்டை எடுத்து மறுபடி பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லை.

மணிமுத்து என்று ஒருவன் இருந்தானாம், அது அவன் கூட்டிய எண்ணெயாம். நல்ல கைக்காரன். ஆறு வருஷத்துக்கு முந்தைய சீசனில் ஒரு நாள் விடியும் முன்னால் அவன் பிணம் பாவூர்சத்திரம் ரோட்டோரம் கிடந்தது. லாரி அடித்துவிட்டது என்றார்கள். குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடந்தான் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். மணிமுத்து குடிக்க மாட்டான். சீசனில் அருவியை விட்டு மேலகரம்கூடத் தாண்ட மாட்டான். அவன் பெண்சாதி பாலம்மாள் போலீஸ் ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ் என்று எல்லாப் படியும் ஏறிக் கேட்டிருக்கிறாள். குற்றாலத்தில் கிடந்தவன் பாவூர்சத்திரத்துக்கு எப்படிப் போனான்? குடிகாரன் பொண்டாட்டி என்ற பேர்தான் மிச்சம்.

அவன் ராத்திரி எங்கே படுப்பான் என்று ஆசிப் கேட்டான். பதில் தெரிந்துகொண்டே கேட்கிற மாதிரி இருந்தது.

"சாரல் காலத்துல காஞ்ச தரை எங்கன இருக்கு, தம்பி? வண்டிக்கு அடியிலதான். லாட்ஜ் வாசல்ல நிக்குற வண்டிக்கு அடியில சாக்க விரிச்சு, எண்ணெய் பாட்டில தலமாட்டுல வச்சுப் படுத்துருவோம். அதான் இங்கன வண்டி எடுக்கறவன் எவனும் பானட்ட ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் எடுப்பான்."

எந்த லாட்ஜ் என்று கேட்டேன். பேச்சிராஜ் அருவியைப் பார்த்தார். அவருக்கும் பதினெட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், அந்த லாட்ஜ் ஆட்கள்தான் அவருக்குக் கிராக்கி அனுப்புகிறவர்கள். "கேக்காதிய, அண்ணாச்சி" என்றார். அதுவே போதுமாக இருந்தது.

எனக்குக் கோபம் வருவது அபூர்வம். கடையில் கரண்ட் போனால்கூடச் சிரித்துக்கொண்டு நிற்கிறவன். அன்றைக்கு வந்தது. ஒரு மனுஷன் செத்ததற்கு மட்டும் இல்லை. செத்தவனை ஷெட்டில் ஆறு வருஷம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்து, கடைசியில் கல்யாணப் பெண் ஏறுவதற்கு என்று தெரிந்தே என் தலையில் கட்டினாரே, அதற்கு. அந்தக் கோபம் முழுக்க என்னுடையதா என்றும் சந்தேகம். கழுத்தில் அந்த இடம் மட்டும் சுட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் நமசிவாயம் அண்ணாச்சியின் லாட்ஜுக்கு ஆசிப்பும் நானும் அம்பாசடரில் போனோம். பகல் பதினோரு மணி. நல்ல வெயில். ஆர்.சி. புத்தகத்தில் பேர் மாற்ற அவர் தென்காசிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும், அது நிஜமாகவே பாக்கி இருந்தது. வாசலில் வண்டியைப் பார்த்ததும் அண்ணாச்சி படியிலேயே நின்றுவிட்டார். கனத்த சரீரம், வெள்ளைச் சட்டை, கழுத்தைச் சுற்றி எப்போதும் ஒரு துண்டு. தன் காரிலேயே வருவதாகச் சொன்னார். அவருடைய புதுக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. டிரைவர் பானட்டைத் திறந்து என்னென்னவோ பார்த்தான். நான் கீழே பார்த்தேன்.

காருக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய். ஒன்றே ஒன்று.

பகல்தானே என்று அவருக்கே அவர் சொல்லிக்கொண்டார். பின்சீட்டில் ஏற மாட்டேன் என்றார். முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆசிப் வரவில்லை, லாட்ஜ் வாசலிலேயே நின்றுகொண்டான். நான் இறங்கிப் போய் பானட்டை இரண்டு தட்டுத் தட்டினேன். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. அவர் தேங்காய் விலையைப் பற்றிப் பேசினார். பேரன் வெளிநாட்டில் படிப்பதைப் பற்றிப் பேசினார். மேலகரம் வந்தது. நான் தோளைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். இப்போது வரும்... இப்போது வரும்...

வரவில்லை.

என் கழுத்தில் ஒன்றுமே இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

தேங்காய் விலை பாதியில் நின்றிருந்தது.

இடப்பக்கம் பார்த்தேன்.

அண்ணாச்சியின் துண்டு மடியில் விழுந்து கிடந்தது. வெள்ளைக் காலர் ஈரமாகிக்கொண்டிருந்தது. பின்கழுத்திலிருந்து... மெதுவாக... மஞ்சளாக...

எண்ணெய்.

கழுத்துச் சதை உள்ளே அமுங்கியது. நாலு குழி. ஒரு பெரிய குழி.

விரல் இல்லை. குழி மட்டும்.

அவர் வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை.

பச்சை போர்டு தெரிந்தது.

அவர் தலை திரும்ப ஆரம்பித்தது. அவர் திருப்பவில்லை. யாரோ இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக... எலும்பு நெறிபடும் சத்தத்தோடு... இடப்பக்கம். ஆஸ்பத்திரி வாசல் பக்கம்.

க்ர்ர்... க்ர்ர்...

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே டவுன் பஸ் போனது. அதில் ஒரு பெண் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். வண்டி தானாக இடது பக்கம் திரும்பி, அந்த ஆஸ்பத்திரி வாசலில் ஏறி, நின்றது.

எஞ்சின் அணைந்தது.

டப்... டப்... டப்... நின்றது.

அண்ணாச்சி பேசினார். முதலில் பொய்தான் சொன்னார். லாரி என்றார். காலரில் எண்ணெய் இன்னொரு விரல் அகலம் பரவியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அன்றைக்கு விடியக்காலை அவசரமாக ஊருக்குக் கிளம்பியிருக்கிறார். இவ்வளவு வருஷமாகக் குற்றாலத்தில் இருப்பவர், பானட்டைத் தட்டவில்லை. டிரைவர்கள் செய்கிற வேலை, முதலாளிக்கு எதற்கு என்று இருந்துவிட்டார். பின்சக்கரம் ஏறி இறங்கியது. வாசலில் ஆள் யாரும் இல்லை. மணிமுத்துவைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டார். பாட்டில் எல்லாம் உடைந்து அவன் மேலெல்லாம் எண்ணெய். சீசன் நேரம், போலீஸ் வந்தால் லாட்ஜ் பேர் கெட்டுவிடும் என்று நினைத்தாராம். பாவூர்சத்திரம் ரோட்டில் காய்கறி லாரிகள் ஓடும், அங்கே கிடந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆறு வருஷம் யாரும் கேட்கவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சாயங்காலமே அண்ணாச்சி தானாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். போய்ச் சொல்லும்போதும் அவர் முகம் இடப்பக்கம்தான் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். திரும்ப மாட்டேன் என்கிறது. ஆசிப் ஒரு நாள் வாய் திறந்தான். அந்தச் சாரல் சாயங்காலம் பைக் வெளிச்சத்தில் அவன் பார்த்தது, பின்கண்ணாடியில் மெல்ல எழுந்த ஒரு முழங்கை. பாலம்மாளை நானும் இசக்கிசெல்வியும் போய்ப் பார்த்தோம். அவளிடம் என்ன சொல்ல என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அவள், அவர் குடிக்கலைன்னு எழுதிக்கிடுவாங்களா என்று ஒன்றுதான் கேட்டாள். போலீஸில் எழுதினார்கள். அபர்ணா வாடகைக் காரில் பாவூர்சத்திரம் போனாள். நன்றாக இருக்கிறாள். வண்டி என் ஷெட்டில் நிற்கிறது. ஒரு சொட்டு ஒழுகியதில்லை. என் கழுத்து வலி திரும்பி வந்துவிட்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வாசலில், வெயிலில், அண்ணாச்சி எல்லாம் சொல்லி முடித்த மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் ஒன்று மிச்சமிருந்தது. பின்சீட்டில் கிடந்தவன் எதற்குக் கழுத்தை எட்டிப் பிடித்தான்? ஏன் இந்த வாசலில்?

"அண்ணாச்சி, செத்தாச்சுன்னுதான அவர அங்க கொண்டு போட்டிய?"

அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு பக்கம் பார்க்க அவரால் முடியவில்லை.

"இல்ல தம்பி. உயிர் இருந்துச்சு. இந்த வாசலு வரயில கழுத்தப் புடிச்சு, 'ஆஸ்பத்திரி வந்துட்டு மொதலாளி, திருப்புங்க'ன்னான். தெளிவாத்தான் சொன்னான். நான் காதுல விழாத மாதிரி ஓட்டினேன்."